குழாய்க்கிணறு அடித்தால் நிலம் ஆடுமா? மாமாவுக்கு என்ன பதில் சொல்வது?

கொக்கட்டிச்சோலை மருமகள்:

எங்கள் வளவுக் கிணறு ஆடி பிறந்தால் வற்றிவிடும். இந்த வருடம் அடியில் சேறும் இரண்டு தவளையும்தான் மிச்சம். தண்ணீர் பௌசர் வாரத்தில் இரண்டு நாள் வருகிறது. வந்தால் தெருவே குடத்தோடு நிற்கிறது. குழாய்க்கிணறு அடிக்கக் கணவர் காசு சேர்த்துவிட்டார், மெஷின்காரரோடு விலையும் பேசியாயிற்று. குறுக்கே நிற்பவர் என் மாமனார்.

எழுபத்தாறு வயது. இன்றும் தானே வயல் வட்டைக்குப் போய் வரம்பு பார்க்கிற மனிதர். "பூமியில் ஓட்டை போட்டால் பூமி ஆடும். நான் கண்ணால் கண்டவன்" என்கிறார். அவர் கண்டது இது. 2012ஆம் ஆண்டு, சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, மத்தியானச் சோறு தின்றுவிட்டு இரண்டேகால் மணி அளவில் கிணற்றடியில் கை கழுவப் போயிருக்கிறார். ஆரத்தித் தட்டைக் கையில் ஏந்தி நடந்தால் மஞ்சள் தண்ணீர் தளும்புமே, அதுபோலக் கிணற்றுத் தண்ணீர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியதாம். கப்பியில் தொங்கிய வாளி தானாக ஆடியதாம். அந்த நேரம் இரண்டு வளவு தள்ளி ஒரு வீட்டில் குழாய்க்கிணறு அடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடி, சத்தம் போட்டு மெஷினை நிறுத்தவைத்தார். சற்று நேரத்தில் ஆட்டம் நின்றுவிட்டது. அன்று முதல், ஊரைக் காப்பாற்றியவர் அவர்தான்.

"அன்று சுமாத்திராவில் பூமியதிர்ச்சி என்று வானொலியில் சொன்னார்களே மாமா" என்றேன். "சுமாத்திரா எங்கே, கொக்கட்டிச்சோலை எங்கே? அங்கே ஆடினால் இங்கே கிணறு ஏன் தளும்ப வேண்டும்?" என்று திருப்பிக் கேட்டார். எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. மகள் தன் பாடப் புத்தகத்தைக் கொண்டுவந்து புவித்தகடு என்று வாசித்தாள். "தகடா? யார் மந்திரித்துப் புதைத்தது?" என்றார். மட்டக்களப்பில் பிறந்தவரிடம் தகடு என்று சொன்னால் வேறு எதைத்தான் நினைப்பார்!

நிலம் ஏன் ஆடுகிறது? எங்கேயோ ஆடினால் இங்கே ஏன் தெரிகிறது? கிணறு அடிப்பதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா? வயலும் மாடும் தெரிந்த ஒருவருக்கு விளங்கும்படி யாராவது எழுதுங்கள்.

துளைமெஷின் செங்கலடி:

தங்கச்சி, பத்தொன்பது வருடமாகக் கிணறு அடிக்கிறேன். இந்தக் குற்றச்சாட்டை முகத்துக்கு நேரே பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருமுறை உன்னிச்சைப் பக்கம் ஒரு கிழவி மெஷினுக்கு முன்னால் பாய் விரித்துப் படுத்துவிட்டார். ஆகவே உங்கள் மாமாவோடு எனக்குக் கோபம் இல்லை. அவர் பார்த்தது பொய்யும் இல்லை. தண்ணீர் தளும்பியிருக்கும். ஆனால் அவர் பிடித்த கள்ளன் வேறு ஆள். சாட்சி சொல்ல ஒரு கடிகாரம் போதும்.

2012 ஏப்ரல் 11. சுமாத்திராவுக்கு மேற்கே கடலுக்கு அடியில் பாறை உடைந்தது நம் நேரத்தில் பிற்பகல் 2.08க்கு. அதிர்ச்சியின் பலத்தைக் காட்டும் அளவு 8.6. அங்கிருந்து நமக்குச் சுமார் 1,400 கிலோமீட்டர். நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி ஓடிவரும் பெரிய அதிர்வலை நொடிக்கு மூன்றரை, நான்கு கிலோமீட்டர் போகும். வகுத்துப் பாருங்கள், ஆறு ஏழு நிமிடம் வரும். 2.08உம் ஏழும் 2.15. மாமா கை கழுவப் போனது எத்தனை மணிக்கு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. அந்த மெஷின் காலையிலிருந்து ஓடியிருக்கும். நாங்கள் யாரும் மத்தியானம் இரண்டு மணிக்கு மெஷினைத் தொடங்குவதில்லை. காலை முழுவதும் ஆடாத கிணறு இரண்டேகாலுக்கு மட்டும் ஏன் ஆடியது? இதையும் விட முக்கியமான கேள்வியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அதற்கு முன் நிலம் ஏன் ஆடுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் வலது பெருவிரலின் அடியில் ஏழு தையல் போட்ட தழும்பு இருக்கிறது. கிணறு அடித்து முடித்து இரும்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது சில மூட்டுகள் இறுகிப்போய்க் கழரவே கழராது. பைப் ரெஞ்சைப் போட்டு, பிடியில் இன்னொரு குழாயைச் செருகி நீட்டி, இரண்டு பேர் தொங்குவோம். மூட்டு அசையாது. அசையாவிட்டாலும் நம் பலம் வீணாய்ப் போவதில்லை. கம்பி முழுவதும் மயிரிழை அளவு முறுகி அந்தப் பலத்தை உள்ளே வைத்துக்கொள்கிறது. இன்னும் அழுத்துகிறோம், இன்னும் முறுகுகிறது. திடீரென்று மூட்டு விட்டுக்கொடுக்கும். அப்போது அதுவரை கொடுத்த பலமெல்லாம் ஒரே கணத்தில் வெளியே வரும். ரெஞ்சு பறக்கும், கம்பி கோயில் மணி போல அதிரும், கை கிழியும். எனக்குக் கிழிந்தது அப்படித்தான்.

பூமியதிர்ச்சியும் இதுவே. பாறையில் ஒரு பிளவு, அதன் இரு பக்கமும் எதிரெதிராக நகரப் பார்க்கின்றன. உராய்வு விடுவதில்லை. பாறை வளைந்து, முறுகி, வருடக்கணக்கில் பலத்தைச் சேர்த்துக்கொள்கிறது. ஒருநாள் பிடி விடுகிறது. 1906இல் சான் பிரான்சிஸ்கோ ஆடிய பிறகு, பிளவின் மேலாகப் போன வேலிகள் முறிந்து தள்ளி நிற்பதை அளந்து பார்த்து இதைச் சொன்னவர் ரீட் என்ற அமெரிக்கர். அவர் வேலியில் படித்த பாடத்தை நான் பெருவிரலில் படித்தேன்.

சரி, அந்தப் பலத்தைக் கொடுப்பது யார்? அங்கேதான் உங்கள் மகளின் தகடு வருகிறது. பூமியின் வெளி ஓடு ஒரே துண்டு அல்ல. பல பெரிய துண்டுகள். உள்ளே இருக்கும் சூட்டினால் கீழ்ப்பாறை மெல்ல மெல்ல நெகிழ்ந்து புரள்கிறது. விளிம்பில் குளிர்ந்து கனத்த துண்டு தன் பாரத்தாலேயே கீழே இறங்குகிறது. அதனால் துண்டுகள் நகர்கின்றன. நாம், இந்தியா, நடுவில் உள்ள கடல் எல்லாம் ஒரு துண்டின் மேல் இருக்கிறோம். அது வருடத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவில் வடக்கு, வடகிழக்காகப் போகிறது. கைநகம் வளர்வதைவிடக் கொஞ்சம் வேகம். அதன் கிழக்கு விளிம்பு சுமாத்திரா, அந்தமான் பக்கம் அடுத்த துண்டின் அடியில் புகுகிறது. இறுகிய மூட்டு அங்கேதான் இருக்கிறது. 2004 டிசம்பரில் விட்டுக்கொடுத்ததும் அங்கேதான். ஒரு புள்ளியில் தொடங்கி 1,200 கிலோமீட்டருக்கு மேல் சீலை கிழிவதுபோலக் கிழிந்துகொண்டே போயிற்று. முடியப் பத்து நிமிடத்துக்குக் கிட்ட எடுத்தது. பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை சுமார் 430 கிலோமீட்டர். அதுபோல மூன்று மடங்கு.

நம் காலடியில் இருப்பது விளிம்பு அல்ல. என் துளைமுனை படுவான்கரையில் கடிக்கும் கருங்கல் நூறு கோடி வருடம் அளவு பழையது. புவிச்சரிதவியலார் அதற்கு விஜயன் தொகுதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தகட்டின் நடுப்பகுதி. அதனால்தான் நமக்கு அதிர்ச்சி அபூர்வம். அந்தக் கல்லிலும் வெடிப்புகள் உண்டு. எத்தனையோ காலத்துக்கு முன் பூமி நெரிந்தபோது விழுந்தவை. அந்த வெடிப்பில்தான் தண்ணீர் ஓடுகிறது. வெடிப்பு அகப்படாவிட்டால் இருநூறு அடி இறக்கினாலும் வெள்ளைத் தூள்தான் பறக்கும். நாளைக்கு நீங்கள் குடிக்கப்போகும் தண்ணீரே ஒரு பழைய நெரிசலின் தயவு என்று மாமாவிடம் சொல்லிப் பாருங்கள்.

ஆழக் கணக்கும் சொல்லுங்கள். உங்கள் கிணறு அதிகம் போனால் இருநூற்றைம்பது அடி. 2012இல் பாறை உடைந்த இடம் இருபது கிலோமீட்டர் ஆழம், அறுபத்தையாயிரம் அடி. மனிதன் இதுவரை துளைத்ததில் மிக ஆழமானது ருஷ்யாவின் கோலா குடாநாட்டில், 12,262 மீட்டர். அதற்கே இருபது வருடம் பாடுபட்டார்கள். நீற்றுப்பூசணியைப் பூமி என்று வைத்துக்கொண்டால், நான் போடும் துளை அதன் தோலை அல்ல, தோலின் மேல் கையில் ஒட்டும் அந்தச் சாம்பல் பூச்சைத் தாண்டுவதே சந்தேகம்.

இனிக் கடைசிக் கேள்வி. அன்று பின்னேரம் 4.13க்கு அதே பக்கத்தில் இன்னொரு பூமியதிர்ச்சி வந்தது, அளவு 8.2. நம்மிடம் வந்து சேர 4.20 ஆகியிருக்கும். மாமா ஏற்கெனவே மெஷினை நிறுத்திவிட்டார். பின்னேரமும் ஏதாவது ஆடியதா என்று அவரிடம் கேளுங்கள். காரணத்தைச் சொல்லாமல் கேளுங்கள்.

பாண்டிருப்பு கரைவலை:

அண்ணன் எழுதியது சரி. ஆட்டம் எப்படி வருகிறது என்பதை நான் சொல்கிறேன், அது எங்கள் தொழிலில் இருக்கிறது.

கரைவலைக் கயிற்றின் மறுநுனி பல நூறு பாகத்துக்கு (பாகம் என்றால் ஆறடி) அப்பால் கடலில் கிடக்கும். அங்கே வலை கல்லில் சிக்கி வெட்டி இழுத்தால் கையில் முதலில் ஒரு சுண்டல் தெரியும். கயிற்றின் நீளப் போக்கில் வரும் இழுப்பு அது. பிறகுதான் கயிறு பாம்புபோல நெளிந்து வரும் அலை கண்ணுக்குத் தெரியும். நிலத்திலும் இரண்டு வகை. முன்னால் வருவது அமுக்கி இழுக்கும் அலை, நொடிக்கு எட்டுக் கிலோமீட்டர்கூடப் போகும். அதைச் சிலர் ஒரு முட்டல்போல உணர்வார்கள், பலர் உணரவே மாட்டார்கள். பின்னால் வருவது பக்கவாட்டில் உலுக்கும் அலை. இரண்டுக்கும் பின்னால் மேற்பரப்போடு உருண்டு வருவது, பெரியவரின் கிணற்றைத் தளும்பவைத்தது. தூரம் கூடினால் படபடவென்ற நடுக்கம் தேய்ந்துவிடும். நீண்ட மெதுவான ஆட்டம் மட்டும் மிஞ்சும். கிணறும் குளமும் அதற்குத்தான் இசையும். 2004இல் அமெரிக்காவில் வேர்ஜீனியாவில் ஒரு கிணற்றில் தண்ணீர் மூன்றடி அளவு ஏறி இறங்கியது கருவியில் பதிவாகியிருக்கிறது. பூமியின் மறுபக்கம்! அங்கேயும் யாராவது பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை பிடித்தார்களோ என்னவோ.

ஆனால் தங்கச்சி, கிணறு ஆடுவது இருக்கட்டும். கடற்கரையில் சொந்தக்காரர்கள் இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள்.

2004இல் எங்களில் ஒருவரும் நிலம் ஆடியதை உணரவில்லை. போயா (பௌர்ணமி) தினம், ஞாயிற்றுக்கிழமை. பாறை உடைந்தது நம் கடிகாரத்தில் 6.58க்கு. அப்போது நம் கடிகாரம் இப்போதையதைவிட அரைமணி முன்னே ஓடியது, அதனால் கணக்குப் பார்க்கிறவர்கள் குழம்ப வேண்டாம். முதல் அதிர்வலை மூன்றரை நிமிடத்தில் எங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. தண்ணீர் வந்தது ஒன்பது மணிக்குக் கிட்ட. நடுவில் இரண்டு மணிநேரம் நாங்கள் வலை உலர்த்திக்கொண்டும் தேநீர் குடித்துக்கொண்டும் இருந்தோம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் போனார்கள். இலங்கையில் எந்த மாவட்டத்திலும் அவ்வளவு இல்லை. என் அக்காவும் அதில். அதற்கு மேல் எழுதவில்லை.

2012இல் தலைகீழ். கதிரை ஆடியது, மின்குமிழ் ஆடியது. எச்சரிக்கை வந்து ஊரே மேற்கே ஓடியது. தண்ணீர் வரவில்லை. ஏன் என்றால் 2004இல் கடலடி மேலே துள்ளியது. அடியில் புகும் தகடு மேல்தகட்டின் நுனியைப் பல காலமாகக் கீழே வளைத்து வைத்திருந்தது. பிடி விட்டதும் நுனி மீற்றர் கணக்கில் நிமிர்ந்து, மேலே இருந்த கடலைத் தூக்கிவிட்டது. 2012இல் பாறை பக்கவாட்டில் வழுக்கியது. தண்ணீர்த் தொட்டியின் அடியை மேலே குத்துவதற்கும் ஓரமாய் இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம். ஆகவே எவ்வளவு ஆடியது என்பதை வைத்து எவ்வளவு தண்ணீர் வரும் என்று முடிவு கட்டாதீர்கள்.

கடல் உள்வாங்கினால்தான் சுனாமி என்ற பேச்சும் அரைகுறை. தாய்லாந்துப் பக்கம் முதலில் உள்வாங்கியது. நம் பக்கம் முதலில் வந்தது ஏற்றம். எங்கள் கரையில் முழங்கால் அளவு வந்து, திரும்பிப் போய், சனங்கள் மீன் பொறுக்கப் போன பிறகுதான் பெரியது வந்தது. எச்சரிக்கை வந்தால் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

சம்மாந்துறை ஓய்வூதியம்:

நான் நீர்ப்பாசனத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன். துளைமெஷின் தம்பி நன்றாக எழுதியிருக்கிறார், ஆனால் தன் தொழிலுக்காக வழக்காடும்போது ஒரு பக்கத்தை மறைத்துவிட்டார். மகள், உங்கள் மாமா முழுதும் பிழை இல்லை. மனிதன் செய்யும் வேலையால் நிலம் ஆடியது உண்டு.

மகாராஷ்டிராவில் கொய்னா என்ற அணை. நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கிய பிறகு சிறு அதிர்வுகள் வந்தன. 1967 டிசம்பரில் அளவு ஆறுக்கு மேற்பட்ட பூமியதிர்ச்சி வந்து சுமார் 180 பேர் இறந்தார்கள். தேக்கிய தண்ணீரின் பாரமும், வெடிப்புகளுக்குள் இறங்கிய நீரின் அழுத்தமும் ஏற்கெனவே முறுகி நின்ற பிளவை நழுவவைத்தன என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் ஒக்லஹோமாவில் எண்ணெய்க் கிணறுகளின் கழிவுநீரை மிக ஆழத்தில் அழுத்திச் செலுத்தியதால் அதிர்ச்சிகள் பெருகின. நம் நாட்டிலும் 2020 ஆகஸ்டு இறுதியில் கண்டிப் பக்கம் திகனவில் நிலம் அதிர்ந்தபோது விக்டோரியா அணைக்கட்டின் மேல்தான் எல்லோர் கண்ணும் போயிற்று.

இங்கினியாகலை அணைக்கட்டில் வேலை செய்த காலத்தில் எனக்கும் இரவில் அந்தப் பயம் வந்ததுண்டு. எத்தனை பாரம் அங்கே குந்தியிருக்கிறது என்று நினைத்தால் யாருக்கும் வரும்.

இலங்கை ஆடவே ஆடாது என்றும் பேசாதீர்கள். 1615இல் கொழும்பில் பெரிய பூமியதிர்ச்சி வந்து வீடுகள் இடிந்ததாகப் போர்த்துக்கேயர் காலத்துப் பதிவு இருக்கிறது. புவிச்சரிதவியல் பணியகம் நில அதிர்வுக் கருவிகளைச் சும்மா வைக்கவில்லை. அவற்றில் ஒன்று நம் அம்பாறைப் புத்தங்கலையில்தான் இருக்கிறது.

இன்னொரு தவறான ஆறுதல்: சின்னச் சின்னதாய் ஆடினால் நல்லது, பெரியது வராது என்பார்கள். அளவு ஒன்று கூடினால் வெளியாகும் சக்தி ஏறத்தாழ 32 மடங்கு. ஐந்திலிருந்து ஒன்பதுக்குப் போக 32ஐ நான்கு முறை பெருக்குங்கள், பத்து லட்சம் தாண்டும். ஒரு பெரியதைத் தீர்க்கப் பத்து லட்சம் சின்னது வேண்டும். கடனுக்கு வட்டிகூடக் கட்டாத கணக்கு.

துளைமெஷின் செங்கலடி:

சம்மாந்துறைக் காக்கா (அண்ணன்), மறைக்கவில்லை, மறந்துவிட்டேன். ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கொய்னாவில் நின்றது ஒரு கடல் அளவு தண்ணீர், ஒக்லஹோமாவில் நடந்தது ஆழத்துக்குள் அழுத்திச் செலுத்துதல். நான் ஆறு அங்குலத் துளையில் இருந்து தங்கச்சிக்கு நாலு குடம் எடுத்துக் கொடுக்கிறேன். பிளவு எங்கேயோ முறுகி நிற்காவிட்டால் யார் தொட்டாலும் ஆடாது. முறுகி நின்றால் யாரும் தொடாமலும் ஆடும்.

கொக்கட்டிச்சோலை மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இரவு மாமா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அன்று பின்னேரம் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். "பின்னேரமா? மாடு கட்டப் போனேன். தொட்டியில் தண்ணீர் தளும்பியது. பசு குடிக்காமல் பின்னால் போயிற்று" என்றார். மெஷின் எங்கே மாமா என்றேன். "அவன்கள் அப்போதே மூட்டை கட்டிப் போய்…" என்று சொல்லி நிறுத்தினார். உலக்கை உரலுக்குள் அப்படியே நின்றது. பிறகு ஒன்றும் பேசாமல் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். நானும் பேசவில்லை.

மறுநாள் காலை என் கணவரிடம், "வரச் சொல்லு. ஆனால் நான் பக்கத்தில் இருப்பேன்" என்றார்.

இருந்தார். மெஷின் ஓடத் தொடங்கியதும் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் எடுத்து மெஷினுக்கு அருகே வைத்தார். தண்ணீர் சல்லடை போட்டதுபோல் நடுங்கியது. செம்பைத் தூக்கிப் பத்தடி தள்ளி வைத்தார். நடுக்கம் குறைந்தது. மாமரத்தடியில் வைத்தார். குனிந்து, கண்ணாடியைக் கழற்றி, செம்பின் விளிம்போடு கண்ணை வைத்துப் பார்த்தார். மெல்லிய வளையம் ஒன்று. மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தபோது தண்ணீர் அசையவே இல்லை. அந்த இடத்தில் காலால் ஒரு கோடு கிழித்தார். மெஷின்காரப் பையன்கள் சிரித்தார்கள், அவர் கவனிக்கவில்லை.

நூற்று எண்பது அடியில் வெடிப்பு அகப்பட்டது. கலங்கல் தெளிய இரண்டு நாள் ஆகும் என்றார்கள். செம்பு இன்னும் கொட்டிலடியில்தான் இருக்கிறது, எடுக்கக் கூடாதாம். நேற்று முற்றத்தால் லொறி ஒன்று போனபோது எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

பாண்டிருப்பு அண்ணன், என் நாத்தனார் கல்லடியில் கடற்கரைக்கு அருகில் இருக்கிறார். நீங்கள் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.